விழுந்த மரமும் பிடித்துப் பார்த்த கருவிகளும்: இதுவரை

விறகு வெட்டப் பழக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கோடாலியைத்தான் வாங்குகிறார்கள். வேலை பாதிக்கு மேல் முடிந்த இந்த நிலையில் அந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. என் கணக்கில் முதலில் ரம்பம், அடுத்து அரம், அதற்கப்புறம்தான் கோடாலி.

வேலை இதுதான். காற்றில் வேரோடு சாய்ந்த ஒரு பெரிய மரம். ஓய்வு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டுபோட்டு, பிளந்து அடுக்கி, இடத்தையும் ஒதுக்கிச் சுத்தமாக்க வேண்டும். அவசரம் இல்லாததால் ஒவ்வொரு கருவியையும் நிதானமாகப் பிடித்துப் பார்க்க முடிந்தது. சில இரவல், சில சொந்தம்.

கருவித் தேர்வில் குழப்பம் தீர்த்தது ஒரே விஷயம். மரத்தின் நார் அடியிலிருந்து நுனிக்கு நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே துண்டாக்க வேண்டுமானால் நாரை அறுத்தே ஆக வேண்டும். நீளவாக்கில் பிளக்க அறுக்க வேண்டியதில்லை, நாரை விலக்கினால் போதும். அறுப்பதற்கு மெல்லிய கூர்வாய் வேண்டும். விலக்குவதற்குத் தடித்த கன்னம், அதாவது தலையின் பக்கவாட்டு, வேண்டும். இரண்டுக்கும் இது ஒன்றே போதும் என்று விற்கப்படும் கோடாலியை வைத்துப் பார்த்தேன். இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்தது.

அறுப்பு

தொடங்கியது 24 அங்குல அலகு மாட்டிய வில் ரம்பத்தில். அலகில் இரண்டு வகை உண்டு. காய்ந்த மரத்துக்கான அலகில் முக்கோணப் பற்கள் மட்டும் நெருக்கமாக இருக்கும். பச்சை மரத்துக்கான அலகில் சில வெட்டும் பற்களுக்கு ஒரு தடவை வேறு வடிவத்தில் ஒரு பல் வரும்; அதன் வேலை ஈரத்தூளை வாரி வெளியே தள்ளுவது. காய்ந்த மரத்து அலகைப் பச்சைக் கட்டையில் ஓட்டினால் தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு ரம்பம் சும்மா சறுக்குகிறது. அலகை மாற்றியதும் அதே கட்டை மளமளவென்று அறுபட்டது. சட்டம் அதேதான், கை அதேதான். பல் நுனி மட்டும் நீலம் பாரித்திருந்தால் அது மின்சாரத்தால் சூடேற்றிக் கடினமாக்கப்பட்ட பல். அதில் அரம் ஏறாது. மழுங்கினால் அலகைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மணிக்கட்டுக் கனமுள்ள கிளைகளுக்கு மடக்கு ரம்பம். இழுக்கும்போது வெட்டுகிற வகையாகப் பார்த்து வாங்கியதில் திருப்தி. இழுப்பில் அலகு விறைத்து நிற்பதால் அதை மெல்லியதாகவே செய்ய முடிகிறது. மெல்லிய அலகு குறைந்த மரத்தைத்தான் தின்னும், கைக்கும் உழைப்பு குறைவு.

ரம்பம் கட்டைக்குள் மாட்டிக்கொள்வதற்குக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டை இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் அந்தரத்தில் இருந்தால் மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் எல்லாம் தலைகீழ்: முதலில் கீழிருந்து, பிறகு மேலிருந்து. இதைப் பார்த்து அறுக்க ஆரம்பித்தபின் ரம்பத்தை நெம்பி எடுக்கும் வேலையே வரவில்லை.

அடிமரம் வந்ததும் கை ரம்பம் போதாது, செயின்சா வேண்டியதாயிற்று. பெட்ரோலில் ஓடுவது ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று, இரண்டையும் பிடித்தேன். பெட்ரோல் வகைக்கு இழுவை அதிகம், நாள் முழுக்க ஓடும். ஆனால் பெட்ரோலுக்கு ஆயில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்க வேண்டும். கலந்த எரிபொருள் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டு கார்புரேட்டரை அடைக்கும். எப்போதாவது எடுத்து வேலை செய்கிற என்னைப் போன்றவருக்கு பேட்டரிதான் ஒத்துவருகிறது. சத்தம் குறைவு, விசையை விட்டால் நிற்கிறது. சார்ஜ் தீர்ந்தால் நாமும் உட்கார வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான். செயினுக்கும், அது சுற்றி ஓடும் நீண்ட தகடான பாருக்கும் ஆயில் ஊற்றுவது இரண்டுக்கும் பொது.

பார் நீளத்தில் ஆசை வேண்டாம். கட்டையின் குறுக்களவைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும். அதைவிடப் பெரிய கட்டையை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டிய இடம் பாரின் மூக்கு, அதிலும் அதன் மேல் கால்பகுதி. ஓடும் செயின் அந்த இடத்தில் எதிலாவது பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. கால் காப்பு, கண் காப்பு, காதடைப்பு மூன்றையும் இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கினேன். தனியாக அப்புறம் வாங்கலாம் என்று விட்டால் வாங்கவே மாட்டோம்.

ஒரே ஒரு அறுப்பை மட்டும் பழகிய ஆளிடம் விட்டேன். வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தின் பாரம் போனதும், மண்ணோடு பிடுங்கி நிற்கும் வேர்ப்பகுதி சட்டென்று எழுந்து பழைய குழியிலேயே உட்கார்ந்துவிடக்கூடும். அதன் அருகில் நின்று பழகிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அரம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், யாரும் இதற்குக் காசு ஒதுக்குவதில்லை. செயின் கூராக இருந்தால் செதில் செதிலாகக் கொட்டும். மாவு போலத் தூள் பறந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுக்காமல் நிறுத்திவிடுங்கள். உருண்டை அரத்தின் விட்டம் செயினுக்கு ஏற்ப மாறும்: சிறிய செயினுக்கு 4 மி.மீ., அடுத்த அளவுக்கு 4.8 மி.மீ. என்று போகும். பெரும்பாலான செயின்களுக்கு அரத்தைப் பிடிக்கும் சாய்வு 30 டிகிரி. அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும்.

பிளப்பு

ரசித்துச் செய்தது இதைத்தான். மரம் வெட்டும் கோடாலியை வட்டக்கட்டையில் போட்டால் ஆழமாக இறங்கி அப்படியே கடித்துக்கொண்டு நிற்கும். பிளக்கும் கோடாலியின் கன்னம் ஆப்பு மாதிரி விரிந்திருப்பதால் இறங்கும்போதே இரு பக்கமும் தள்ளுகிறது. அதன் வாய் முகம் மழிக்கும் கூரில் இருக்கத் தேவையில்லை.

எடைதான் எல்லோரும் கேட்பது. 8 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3.6 கிலோ தலையும், 6 பவுண்டு, 2.7 கிலோ தலையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். தங்கியது சின்னது. எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. கனமான தலையை என்னால் வேகமாகக் கொண்டுவர முடியவில்லை, களைப்பு வந்ததும் குறியும் தவறியது. தோள்பலம் உள்ளவர்களுக்குப் பெரியது பொருந்தலாம். கடையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது, அரை மணி நேரம் ஓங்கிப் பார்த்தால் தெரியும்.

அடிக்கும் முன் கட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டும். காயும்போது மரம் வளையத்தின் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் வெடிப்புகள் நடுவிலிருந்து வெளியே ஓடுகின்றன. அந்த வெடிப்பின் கோட்டிலேயே அடித்தால் பாதி வேலையை மரமே செய்து வைத்திருக்கிறது. பெரிய கட்டையை நடுவில் பிளக்க முயலாமல் ஓரங்களிலிருந்து பட்டை பட்டையாகக் கழிப்பது சுலபம். கணு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து அடிக்கலாம். தவிர்க்க முடியாவிட்டால் ஆப்புதான். தைலமரம் போல நார் முறுக்கிக்கொண்ட கட்டைகளில் வெடிப்பு நேராக ஓடாது, அங்கே ஓங்கி ஓங்கி அடிப்பது வீண்.

இரும்பு ஆப்பு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று உள்ளே சிக்கினால் மற்றொன்றால் மீட்கலாம். சம்மட்டி பட்டுப் பட்டு ஆப்பின் தலை காளான் போல விரியும். அந்த விளிம்பு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, அவ்வப்போது ராவி எடுத்துவிட வேண்டும். சிக்கிய கோடாலியின் பின்பக்கத்தில் சம்மட்டியால் அடிப்பதைப் பலரும் செய்கிறார்கள். காம்பு நுழையும் துளை விரிந்து தலையே விரிசல் விடும், தயவுசெய்து வேண்டாம்.

தாங்குகட்டை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். தவறிய அடி தாங்குகட்டையிலோ மண்ணிலோ விழும், முழங்கால் எலும்பில் விழாது. அதன்மேல் பழைய டயர் ஒன்றை வைத்து அதற்குள் கட்டையை நிறுத்தியபின், பிளந்த துண்டைக் குனிந்து பொறுக்கும் வேலை மிச்சமானது. செலவில்லாத சாதனங்களில் இதுவே முதலிடம்.

காம்பு மரமா, ஃபைபர் கண்ணாடியா? குறிதவறி அடிக்கிறவர்களுக்கு ஃபைபர் தாங்கும். எனக்கு மரக்காம்பின் அதிர்வுதான் பிடிக்கிறது. வாங்கும்போது காம்பின் அடியில் நாரோட்டத்தைப் பாருங்கள்: கோடுகள் கோடாலி வாயின் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் சீக்கிரம் முறியும். தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் தற்காலிக வைத்தியம். ஊறி உப்பிய நார் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்தபின் முன்பைவிடத் தளரும். தலைக்குள் இருக்கும் காம்பு நுனியில் புது ஆப்பு இறக்குவதே வழி.

ஒதுக்கல்

சுள்ளியும் புதரும் ஒதுக்க வெட்டரிவாள் போதுமானதாக இருந்தது. நுனி வளைந்தது என்றால் கொடியை இழுத்து அறுக்க வசதி. நீளப்பிடிக் கத்தரியில் இரண்டு அலகும் ஒன்றையொன்று கடந்து போகும் வகை பச்சைக் கிளைக்கு, தட்டையில் வந்து அமர்கிற வகை காய்ந்த கிளைக்கு. புதர் வெட்டும் இயந்திரம் இரவல் வாங்கினேன், ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. கல்லைத் தூக்கி அடிக்கும் என்பதால் 15 மீட்டர் தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. வேர் தோண்ட பிக்காசும் கடப்பாரையும்தான். நல்ல கோடாலியை மண்ணுக்குள் இறக்கினால் ஒரே அடியில் வாய் போய்விடும்.

இப்போது

பிளந்தவை தரையிலிருந்து உயர்த்தி அடுக்கியாயிற்று. மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று போக விட்டிருக்கிறேன். எரிக்க ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஈரப்பத மீட்டரைக் கட்டையின் முனையில் குத்தினால் காய்ந்தது போலப் பொய் காட்டும். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து அந்த முகத்தில் குத்துகிறேன். தடித்தவை இன்னும் காயவில்லை.

மிச்சம் இருப்பவை கவட்டைத் துண்டுகள். நார் அங்கே பின்னிக்கிடப்பதால் ஆப்பும் தோற்கிறது. அவற்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து செயின்சாவால் நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்திருக்கிறேன். நீள நீளச் சுருளாக நார் வந்து செயின் மூடிக்குள் அடைக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஹைட்ராலிக் பிளப்பான் வாடகைக்கு எடுக்கலாம் என்றார்கள். இருக்கிற கவட்டைகளுக்கு அது தேவைப்படாது.