வாய்க்காலுக்கு இங்கால

கொழும்பில எங்க இருக்கிறியள் எண்டு ஆரும் கேட்டு, வெள்ளவத்தை எண்டு சொன்னா உடன ஒரு சிரிப்பு வரும், "ஓ, அப்ப யாழ்ப்பாணத்திலதான் இருக்கிறியள்" எண்டு. பகிடிதான், ஆனா முழுப்பொய்யும் இல்ல, இங்க தமிழாக்கள் அவ்வளவு கூட. வடக்கால வாய்க்கால், அதுக்கு அங்கால பம்பலப்பிட்டி, தெற்கால தெஹிவளை, கிழக்கால பாமன்கடை, மேற்கால ரெயில் பாதை, அதோட கடல். இந்த கொழும்பு 6 எண்ட துண்டுக்குள்ள இருந்துகொண்டு வாய்க்கால் பாலம் தாண்டாம மாசக்கணக்கா சீவிக்கலாம். எங்கட பிளட்டில கீழ்மாடியில இருக்கிற அன்ரி அப்பிடித்தான். கோட்டைப் பக்கம் ஒருக்கா போகவேண்டி வந்தா அவ முதல்நாளே அலுமாரி திறந்து சீலை எடுத்து வைச்சு, விடிய எழும்பி, ஆர் கூட வாறது எண்டு நாலு பேருக்குப் போன் அடிச்சு, ஒரே அமளிதான்.

ஏன் போகோணும் எண்டுதான் அவ கேக்கிறா, அதுவும் நியாயம்தானே. கோல் ரோட்டில இறங்கினா நகைக்கடை, சீலைக்கடை, பார்மசி, காசு மாத்திற இடம், டிக்கெட் போடுற இடம் எல்லாம் இருக்கு. ராமகிருஷ்ணா ரோட்டில மிஷன், 57ம் லேனில தமிழ்ச் சங்கம் (1942இல தொடங்கினது, லைப்ரரிக்குள்ள போனா பகல்ல பேப்பர் பாக்கிற ஐயாமார் எப்பவும் இருப்பினம்), அம்மன் எண்டா மயூரபதி, பெட்டையளுக்கு சைவ மங்கையர் பள்ளிக்கூடம், ரியூசனுக்கு ஒவ்வொரு லேனிலயும் ஒரு மாஸ்டர். படம் பாக்க சவோய். ரோட்டில நிண்டா 100, 101, 155 எண்டு பஸ் வந்துகொண்டே இருக்கும், ஆனா பாதிச் சனத்துக்கு அது ஆரோ வேற ஆக்கள் போறதுக்கு வாற பஸ்தான்.

எனக்குப் பிடிச்சது விடியக் காத்தாலதான். யாழ்ப்பாணத்தில இருந்து இரவு வெளிக்கிட்ட பஸ்ஸுகள் கோல் ரோட்டில வந்து நிக்கிற நேரம். இறங்கிற ஆக்களை விட இறங்கிற பார்சல்தான் கூட. அரிசி வந்த பழைய உரப்பையை சணல் ஊசியால தைச்சு, அதில கறுப்பு மார்க்கரால பேரும் போன் நம்பரும் எழுதி, உள்ளுக்க முருங்கைக்காய், பனங்கட்டிக் குட்டான், ஒடியல் மா, வறுத்து இடிச்ச தூள், மாம்பழச் சீசன் எண்டா கறுத்தக்கொழும்பான். பை வாசத்திலயே என்ன வந்திருக்கு எண்டு சொல்லலாம். எடுக்க வந்த பெடியன் சரத்தோட நித்திரைத் தூக்கத்தில நிண்டு கொண்டக்டரோட "அண்ணை அது இல்ல, மற்றது, அந்தக் கட்டின பை" எண்டு இழுபட்டுக்கொண்டு நிப்பான். அந்தப் பையில பாதி திரும்ப பார்சலாகி லண்டனுக்கோ கனடாவுக்கோ போகும், அனுப்பிற கடையும் பக்கத்திலயே இருக்கு.

ஆனா ஒண்டு, இது தானா இப்பிடி வந்த இடம் எண்டு நினைக்கக் கூடாது. லேன் பேருகளைப் பாருங்கோ, பிரான்சிஸ் ரோட், ஹம்டன் லேன், மனிங் பிளேஸ், அதில எங்கட பேர் எங்க இருக்கு. ஓட்டு வீடும் முத்தமும் மாமரமுமா இருந்த இடம், எல்லா ஆக்களும் கலந்து இருந்த இடம். இப்பவும் சென். லோரன்ஸ் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேக்குது, சிங்கள ஆக்கள் தலைமுறையா இருக்கினம், அதை மறந்துபோட்டு "எங்கட இடம்" எண்டு கதைக்கிறது எனக்குப் பிடிக்கிறேல்ல. 83 ஆடிக் கலவரத்தில இங்கயும் வீடுகள் எரிஞ்சது, நிறையப் பேர் கப்பல் ஏறிப் போனவை, பிறகு அந்த நெருப்பு விழுந்த இடத்துக்கே சனம் திரும்பி வந்து முந்தியையும் விட நெருக்கமாக் குவிஞ்சது. ஏனெண்டா சண்டைக்குள்ள இருந்து வெளிக்கிட்டு வெளிநாடு போறவை, ஒப்பரேஷனுக்கு வாறவை, காணாமப்போன பிள்ளையைத் தேடி வாறவை, எல்லாருக்கும் பாசை தெரிஞ்ச கடையும் பாசை தெரிஞ்ச டொக்டரும் வேணும், இரவில கதவு தட்டுப்பட்டா பக்கத்து வீட்டில ஆளும் வேணும். லொட்ஜுகள் அப்பிடித்தான் முளைச்சது. அதுக்குள்ளயும் நிம்மதி இல்ல, பொலிஸ் பதிவு, ரவுண்டப் எண்டு சுத்திவளைச்சுப் பிடிக்கிறது. 2007 ஆனி 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில இருந்து 376 தமிழ் ஆக்களை பஸ்ஸில ஏத்தி நகரத்தை விட்டே அனுப்பினவங்கள், வெள்ளவத்தையும் அதில ஒண்டு. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டினது. அந்த லொட்ஜ் கட்டிடங்கள் சிலதில இப்ப கீழ போன் கடையும் மேல ஐஈஎல்டிஎஸ் கிளாசும் நடக்குது.

அதாலதான் சொல்லுறன், எல்லாம் கைக்கெட்டின தூரத்தில இருக்கிற இந்த வசதி பயத்தில கட்டினது, பயம் குறைஞ்ச பிறகும் பழக்கமா நிண்டிட்டுது. இதில நட்டமும் இருக்கு. இங்க பிறந்து வளந்த பெடியங்கள் சிலபேர் கொழும்பிலயே இருந்துகொண்டு நாலு வசனம் சிங்களம் ஒழுங்காக் கதைக்க மாட்டினம், ஓட்டோக்காரனோட இங்கிலிசில பேரம் பேசுவினம். அவையில பிழை சொல்லவும் ஏலாது, தேவைப்படேல்ல. ஆனா பாலத்துக்கு அங்கால ஒரு இன்ரவியூவுக்குப் போகேக்கதான் தெரியும்.

சரி கடலுக்கு வாறன், கடற்கரை ஊர் எண்டு சொல்லிப்போட்டு இவ்வளவு நேரமும் கடலைப் பற்றிக் கதைக்கேல்ல, வெள்ளவத்தை ஆக்களும் அப்பிடித்தான், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற சனம். பின்னேரம் மட்டும் மரின் டிரைவில நடக்க வருவினம், சுகர் எண்டு டொக்டர் சொன்னவையும் குடைக்குள்ள இருந்து காதலிக்கிறவையும். ரெயில் பாதையைக் கடந்தா கறுப்புக் கல்லும் கொஞ்ச மணலும். போனைப் பாத்துக்கொண்டு தண்டவாளத்தில நடக்காதேங்கோ, கடல் இரைச்சலுக்கு ரெயில் வாறது கேக்காது. குளிக்கிறதும் யோசிச்சுத்தான், 2022 தை மாசம் தெஹிவளைக் கடலில ஒருத்தர் முதலை கடிச்சுச் செத்தவர், வாய்க்கால் வழியா அதுகள் கடலுக்கு வரும். (சொன்னா ஊரில ஒருத்தரும் நம்பினம் இல்ல.) வைகாசிக்குப் பிறகு சோளகக் காத்து அடிக்கத் தொடங்கினா உப்பு வீட்டுக்குள்ள வந்திடும். ஜன்னல் கிறில்லை நகத்தால சுரண்டினா பெயின்ரோட சேத்து இரும்பும் பொருக்குப் பொருக்காக் கழரும், ஏசியின்ர வெளிப்பெட்டி ரெண்டு வருசம் நிண்டா பெரிய காரியம், கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்ப முதல் பிசுபிசு எண்டு இருக்கும். "சீ வியூ" எண்டு கூட வாடகை வாங்கிறவை இதைச் சொல்ல மாட்டினம்.

பிளட் வாழ்க்கையின்ர உண்மை முகம் தெரிஞ்சது 2022 பங்குனி கடைசியில, பொருளாதார நெருக்கடி நேரம்தான். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். லிப்ட் இல்ல, மோட்டர் ஓடாததால தண்ணி இல்ல, காஸும் இல்ல, மாடி வீட்டில விறகு எங்க வைச்சு எரிக்கிறது. மேல் மாடிகளில பிள்ளையள் வெளிநாட்டில, தனிய இருக்கிற அம்மாமார்தான் கூட, அவை கயித்தில பையைக் கட்டி இறக்க, கீழ நிண்டு மரக்கறிக்காரர் போட்டு விடுவார், மிச்சக் காசையும் அதே பையிலதான். எங்கட மொட்டை மாடியில மூண்டு கல்லு வைச்சு பழைய கதவுப் பலகை எரிச்சு சோறு காச்சினது, அண்டைக்குத்தான் அஞ்சாம் மாடியில ஆர் இருக்கினம் எண்டே எனக்குத் தெரியும். அதே நேரம் எத்தினையோ வீடு பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டில இருக்கிறவை வாங்கி விட்டது, ஆடி ஆவணி விடுமுறைக்கும் கலியாணத்துக்கும் மட்டும் லைட் எரியும். வாடகை ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு நான் நினைக்கிறன், இங்க சம்பளம் எடுக்கிறவனும் பவுண்ஸில உழைக்கிறவனும் ஒரே லேனில வீடு தேடினா வேற என்ன நடக்கும்.

வீடு பாக்க வாறம் எண்டு மெசேஜ் போட்ட ஆக்களுக்கு: வாய்க்கால் பக்கம் எண்டா மத்தியான வெயிலில வந்து பாருங்கோ, மணம் அப்பதான் தெரியும். கடல் பக்கம் எண்டா ஏசியின்ர வெளிப்பெட்டியையும் பைப்பையும் பாருங்கோ. ஜெனரேட்டர் இருக்கு எண்டு காவல் நிக்கிற வோச்சர் சொன்னா, அது லிப்ட்டுக்கு மட்டுமோ தண்ணி மோட்டருக்கும் சேத்தோ எண்டு கேளுங்கோ, அட்வான்ஸ் குடுக்க முதல்.