மூழ்கியது கப்பலா, ஆளா?

தமிழில் கப்பலும் மூழ்கும், ஆளும் மூழ்குவார். ஆங்கிலத்தில் கப்பலுக்கு ‘சிங்க்’, மூச்சுவிடும் உயிருக்கு ‘டிரவுன்’. ‘தி போட் டிரவுண்ட்’ என்று எழுதினால் படகு மூச்சுமுட்டிச் செத்ததாகிவிடும். கவிழ்வது ‘கேப்சைஸ்’. கவிழ்ந்த படகு மணிக்கணக்கில் மிதக்கவும் செய்யும், ஆகவே அது ‘சிங்க்’ ஆகாது.

பேச்சு வழக்கில் ‘ஹி டிரவுண்ட்’ என்றால் ஆள் போய்விட்டார். பிழைத்தவருக்கு ‘நியர்லி’ சேர்க்க வேண்டும். மருத்துவர்கள் கணக்கு வேறு. 2002இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாடு, தண்ணீரில் மூச்சு தடைபடுவதையே ‘டிரவுனிங்’ என்று வரையறுத்தது. பிழைத்தாலும் அதே பெயர்தான். ‘டிரை டிரவுனிங்’ (நுரையீரலில் தண்ணீர் புகாமலே மூச்சடைப்பது) போன்ற சொற்களை மருத்துவத் துறை கைவிட்டுவிட்டது. வாட்ஸ்அப் இன்னும் விடவில்லை.

அடுத்தது ‘மீட்பு’. ‘மூவர் மீட்பு’ என்று தலைப்பைப் பார்த்ததும் உயிரோடா, சடலமாகவா என்று கண் கீழே ஓடும். ஆங்கிலத்தில் அந்தத் தவிப்பு இல்லை: உயிரோடு இருப்பவரை ‘ரெஸ்க்யூ’, உடலை ‘ரெக்கவர்’, கப்பலையும் சரக்கையும் ‘சால்வேஜ்’. தேடும் பணி ‘ரெஸ்க்யூ’விலிருந்து ‘ரெக்கவரி’க்கு மாறியது என்றால் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

இதுவரை சொன்னதில் பிழைவிட்டால் வாக்கியம்தான் கெடும். ‘லைஃப் ஜாக்கெட்’டையும் ‘பாயன்சி எய்டை’யும் குழப்பினால் ஆளே போவார். நெஞ்சில் மாட்டும் எல்லாவற்றுக்கும் நாம் முதல் பெயரையே வைத்துவிடுகிறோம். லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்றிருந்தால் அது பாயன்சி எய்ட், சுமார் 5 கிலோ தூக்குவிசை. நம் உடல் தண்ணீரில் ஏறக்குறைய எடையற்றது என்பதால், நினைவோடு நீந்துகிறவருக்கு அது போதும். மயங்கிக் குப்புறக் கிடப்பவரை அது புரட்டிப்போடாது. முகம் மேலே வரும்படி புரட்டுவதற்கென்றே கழுத்துப்பட்டையும் நெஞ்சுப்பக்கம் கூடுதல் மிதவையும் வைத்துச் செய்வது லைஃப் ஜாக்கெட்: 100, 150, 275 என்று போகும். கனத்த மழையுடுப்புக்குள் காற்று தங்கினால் 150 உள்ளதுகூடப் புரட்டத் திணறும், 275 அதற்குத்தான். எதுவானாலும் மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, அல்லது பட்டைகளை இறுக்கவில்லை. காலிடுக்கில் கட்டும் பட்டையைத் தொங்கவிட்டாலும், தண்ணீரில் குதித்ததும் ஜாக்கெட் மேலே ஏறி நீங்கள் கீழே போவீர்கள்.

‘லைஃப்பாய்’ நமக்கு சோப்பு, கப்பலில் அது எறியும் வளையம். பிரிட்டனில் ‘பாய்’, அமெரிக்காவில் ‘பூயி’ என்று உச்சரிப்பார்கள். சர்வதேச விதிப்படி கப்பல் வளையம் 14.5 கிலோ இரும்பை நன்னீரில் 24 மணி நேரம் தாங்க வேண்டும். அதன் எடையே குறைந்தது 2.5 கிலோ, தலையில் விழுந்தால் மண்டை உடையும். ஆளைக் குறிவைக்காமல், அவரைத் தாண்டிச் சற்றுப் பக்கவாட்டில் எறிந்து, கயிற்றை அவர் கைக்கு வரும்படி இழுக்க வேண்டும்.