கரண்டு நிற்காத இடம்

மண்டபத்தில் மீன் விற்கும் என் அக்காவின் அன்னக்கூடையில் சென்ற மாதம் ஓட்டை விழுந்துவிட்டது. "தம்பி, நீ அங்க காய்ச்சுன அலுமினியம் ரெண்டு வருசம்கூட உழைக்கலையே" என்று அதை என் முன்னால் கவிழ்த்து வைத்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அடிப்பக்கத்தில் நான்கைந்து இடங்களில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் தானே படியும் ஆக்சைடு படலம்தான் அதற்குக் காப்பு. கடலுப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் பொட்டுப் பொட்டாகத் துளைத்துவிடும். இதை நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓட்டை ஓட்டைதானே" என்றார் அக்கா.

டிப்ளமா முடித்த கையோடு, 1987-இல் ஒரிசாவின் அங்குலில் இருந்த, பொதுத்துறை அலுமினிய நிறுவனமான நால்கோவின் உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் குண்டு பல்பு சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். காற்று சற்று வலுத்தாலே கரண்டு போய்விடும், எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து கட்டாக் வழியாக அங்குல் சேர்ந்தவனுக்கு, ஒரு நொடியும் மின்சாரம் நிற்கக்கூடாது என்பதையே வேதமாகக் கொண்ட ஆலை வேறோர் உலகமாகத்தான் தெரிந்தது.

பொதுத்துறையில் அலுமினியத்துக்கென முதலில் எழுந்தது 1965-இல் தொடங்கிய பால்கோ; அதன் 51 விழுக்காட்டுப் பங்குகள் 2001-இல் தனியாரிடம் போயின. நால்கோ 1981 ஜனவரி 7-ஆம் நாள் பதிவானது. பிரான்சின் பெஷினே நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. கோராபுட் மாவட்டத்துப் பஞ்சபட்மாலி மலையில் வெட்டப்படும் அலுமினியத் தாதுவான பாக்சைட், 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள கன்வேயரில் தாமன்ஜோடிக்கு இறங்கி, அங்கே வெள்ளைப் பொடியாகிய அலுமினாவாகி, ரயிலில் எங்களிடம் வரும். ஆலைக்குப் பக்கத்திலேயே சொந்த அனல்மின் நிலையம் இருந்தது. நிலக்கரி தால்சேர் வயலிலிருந்து வந்தது. மலை ஓரிடம், கரி ஓரிடம் என்றிருக்கையில் உருக்காலையைக் கரியின் பக்கம் வைத்தார்களே, அந்த முடிவில்தான் அந்தத் தொழிலின் வளர்ச்சிக்கான பாதி இரகசியம் இருந்தது என்பேன். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் அலுமினாவும் 13,500 யூனிட் மின்சாரமும் தேவை. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு ஐந்தரை ஆண்டுக்கு மேல் எரிக்கும் கரண்டு அது.

அலுமினாவை மின்சாரத்தால் பிரித்து அலுமினியமாக்கும், 'பாட்' என்று நாங்கள் சொல்லும் தொட்டிகள் வரிசையாக நின்ற கூடத்தில், 1,80,000 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் பாய்ந்துகொண்டே இருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்ன மூத்தவர்களின் பேச்சைக் கேளாமல், அப்பா வாங்கித் தந்த கடிகாரத்தோடு உள்ளே போனேன். காந்தப் புலத்தில் அது பத்து இருபதில் நின்றது நின்றதுதான். சட்டைப்பையில் கிடந்த சாவி துணியை முட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். தொட்டிக்குள் 950 பாகைக்கு மேல் கொதிக்கும், அலுமினாவைக் கரைத்து வைக்கும் உப்பான கிரையோலைட்டின் குழம்பில் அலுமினாவின் அளவு குறைந்துவிட்டால் 'ஆனோட் எஃபெக்ட்' வரும்: நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டிய மின்னழுத்தம் முப்பதைத் தாண்டும், தொட்டியின் தலைமாட்டில் விளக்கு எரியும். குழம்பின்மேல் இறுகியிருக்கும் ஓட்டினை உடைத்து அலுமினாவைக் கொட்டி, பச்சை மரக்கழி ஒன்றை உள்ளே செருகுவோம். கழியின் ஈரம் பொங்கிக் குழம்பைக் கலக்க, தொட்டிக்குள் மின்சாரத்தை இறக்கும் கரிக்கட்டையாகிய ஆனோடின் அடியில் போர்த்தியிருந்த வாயுப் படலம் கிழிந்து விளக்கு அணையும். இத்தனை பெரிய நுட்பத்துக்குக் கடைசியில் பச்சை மரம்தான் துணை என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை.

மின்சாரம் நான்கைந்து மணி நேரம் நின்றால் குழம்பும் உலோகமும் தொட்டியிலேயே உறைந்துவிடும். மீண்டும் உயிர்ப்பிப்பது மாதக்கணக்கான வேலை. ஆகவே நான் சேர்ந்தபோது 480 தொட்டிகளுக்குத் திட்டமிட்டிருந்த ஆலை 720 ஆகி, பிறகு 960 ஆனதையும், ஆண்டுக்கு 2.18 லட்சம் டன்னாக இருந்த திறன் 4.60 லட்சம் டன்னுக்கு ஏறியதையும் நாங்கள் வேறு கணக்கில்தான் பார்த்தோம். பக்கத்து மின்நிலையத்தில் 120 மெகாவாட் அலகு இன்னொன்று எழுந்தால்தான் இங்கே தொட்டி கூடும். அப்படிக் கூடி அங்கே இன்று பத்து அலகுகள், 1200 மெகாவாட்.

ஒரு குறையும் எனக்கு உண்டு. தாமன்ஜோடியின் திறன் ஆண்டுக்கு 21 லட்சம் டன் அலுமினா. எங்கள் உருக்காலைக்கு வேண்டியது அதில் பாதிக்கும் குறைவு. மிச்சத்தின் பெரும்பகுதி விசாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறது. அயல்நாட்டுப் பணம் வருவது நல்லதுதான், ஆனால் அரிசியாக விற்பதற்கும் சோறாக்கி விற்பதற்கும் உள்ள வித்தியாசம் வித்தியாசம்தான். அதைச் சோறாக்கவும் கரண்டுதான் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இயங்குகிறது; அந்தப் பலகைகளின் சட்டமும் அலுமினியமே. என்றாலும், இராத்திரியில் தொட்டியை யார் காப்பது என்ற கேள்வி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொழில் பழக்கத்தில் வந்துவிடுகிறது.

அக்காவின் கூடை உருக்காலையிலிருந்து நேரே வந்திருக்காது. பெரும்பாலும் பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்ததாக இருக்கும். மறுபடி உருக்கப் புது உலோகத்துக்கு ஆகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். பழைய பாத்திரக்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எடையில் ஏமாற்றிவிடுவான், நீயும் வா என்றார். நானும் போனேன்.