பாகு பதமும் பாறைக்குழம்பும்: ரீயூனியனில் எரிமலைக் கேள்விக்கு நான் தயாரான விதம்

என் விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: "நம் தீவுக்கு அடியில் எந்த இரண்டு தட்டுகள் மோதுகின்றன?"

அது மாதிரித் தேர்வு. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் எரிமலை எப்படி உருவானது என்று கேட்டிருந்தார்கள். புதுச்சேரியில் படித்தபோது மனப்பாடம் செய்திருந்த பத்தியை அப்படியே பிரெஞ்சில் மாற்றி எழுதிவிட்டேன். இரண்டு புவித்தட்டுகள் மோதும், ஒன்று மற்றதன் அடியில் அமிழும், அங்கிருந்து பாறைக்குழம்பு மேலே வரும். படம்கூட வரைந்தேன். ஜப்பானுக்கோ இந்தோனேசியாவுக்கோ பொருந்துகிற விடை அது. இந்தத் தீவோ தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே எதுவும் மோதவில்லை.

தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. 14 வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்து சேர்ந்தேன். இப்படி வருகிற பிள்ளைகள் இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: கிராந்த் ஓராலுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம், பிரெஞ்சு தடுமாறினால் என்ன செய்வது என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவில் எழுத்துத் தேர்வுகளோடு கிராந்த் ஓரால் என்று ஒரு வாய்மொழித் தேர்வும் 2021 முதல் நடக்கிறது. சிறப்புப் பாடங்களிலிருந்து இரண்டு கேள்விகளை நாமே உருவாக்கிக்கொண்டு போக வேண்டும். எதிரே இரண்டு ஆசிரியர்கள். ஒரு கேள்வியை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 20 நிமிடம் தயாரிப்பு, 10 நிமிடம் நம் பேச்சு, 10 நிமிடம் அவர்களின் கேள்விகள். 2024-இல் நான் எடுத்துப்போன கேள்விகளில் ஒன்று இந்தத் தீவின் எரிமலையைப் பற்றியது: "பித்தோன் த லா ஃபூர்னேஸ் இத்தனை முறை பொங்கியும் ஏன் ஊர்களை அழிப்பதில்லை?"

முதலில் தலையிலிருந்து எடுத்துப்போட வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. நிலத்துக்கு அடியில் நெருப்புக்குழம்பு கடல்போலக் கிடக்கிறது, ஓட்டை விழுந்த இடத்தில் பீறிடுகிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப்பாறைதான். அது எவ்வளவு சூடாக இருந்தாலும், மேலே இருக்கும் எடை அழுத்துவதால் உருக முடியாமல் கிடக்கிறது. இதை வீட்டில் தமிழில் உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தபோது, அம்மா கீரை ஆய்ந்தபடியே கேட்டார்: "அப்புறம் கல்லு எப்படிடி உருகுது?" எந்தப் பாடநூலும் அவ்வளவு நேராக என்னைக் கேட்டதில்லை. பதில் சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டினேன்.

உருகுவதற்கு மூன்று வழிகள். சூடான பாறை மெல்ல மேலே ஏறினால் அதன்மேல் இருக்கும் அழுத்தம் குறையும், சூடு கூடாமலே ஒரு பகுதி உருகிவிடும். கடலடி மலைத்தொடர்களில் தட்டுகள் விலகும் இடத்தில் நடப்பதும், ரீயூனியன் மாதிரி வெப்பப்புள்ளிகளில், அதாவது ஆழத்திலிருந்து சூடான பாறை ஏறிவரும் இடங்களில் நடப்பதும் இதுதான். இரண்டாவது, தண்ணீர். அமிழும் கடல்தட்டு தன்னோடு தண்ணீரைக் கீழே கொண்டுபோகிறது, அந்தத் தண்ணீர் மேலே உள்ள கவசப்பாறையில் கலந்து அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. அதாவது "அமிழ்ந்த தட்டு உருகி எரிமலை ஆகிறது" என்று எழுதினால் பெரும்பாலும் தவறு, உருகுவது அதன்மேல் இருக்கும் கவசம். மூன்றாவது, கீழிருந்து வரும் சூட்டில் மேலோட்டுப் பாறையே உருகுவது. இதைத் தேர்வில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். அம்மாவிடம் இந்த மூன்றையும் சொன்னேன். "சரி, அப்ப இங்க எடை குறையுறதாலதான்" என்றார். அந்த வாக்கியத்தைத்தான் பிரெஞ்சில் மாற்றி என் பேச்சின் முதல் நிமிடத்தில் வைத்தேன்.

பிரெஞ்சு வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் தமிழில், பாடம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே உங்களுக்கு விஷயம் புரியவில்லை என்று பொருள். அது தீர்ந்தபின் மொழி மாற்றுவது சின்ன வேலை. நான் மூன்று வாரம் தமிழில்தான் பேசிப் பழகினேன்.

அடுத்தது, போய்ப் பாருங்கள். இந்தத் தீவில் இருந்துகொண்டு எரிமலையைப் படத்தில் மட்டும் படிப்பது பெரிய இழப்பு. பள்ளியில் பிளேன் தே சாப்ல் வழியாக பா த பெல்கோம்புக்கு அழைத்துப் போனார்கள். 2,311 மீட்டர் உயரம், விடியற்காலையில் கை விறைத்துப்போகும். அங்கே நின்றால் கீழே ஆங்க்ளோ ஃபூக்கே தெரியும். நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் சுவர், குதிரை லாடம்போல வளைந்து கிழக்கே கடல் பக்கம் திறந்திருக்கிறது. நடுவில் 2,632 மீட்டர் உயரக் கூம்பு. என் கேள்விக்குப் பாதி விடை அந்தச் சுவர்தான். பொங்கி வரும் குழம்பில் பெரும்பகுதி இந்த லாடத்துக்குள்ளேயே வடிந்து, ஆளில்லாத கிரான் புரூலே சரிவில் இறங்கிக் கடலில் கலந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மேலே இருக்கும் காட்சியைவிடக் கீழே கடலோரம் போகும் சாலைதான். சேன்த் ரோசிலிருந்து சேன் ஃபிலிப் போகும் வழியில் ஒவ்வொரு குழம்போட்டத்துக்கும் ஆண்டு எழுதிய பலகை இருக்கும். வண்டியை நிறுத்தி இறங்கி, வெவ்வேறு ஆண்டுப் பாறைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். புதியதில் வெறும் கருங்கல், அதில் சாம்பல் வெள்ளையாகப் பூசணம்போல ஒட்டியிருக்கும் லைக்கன். அதைவிடப் பழையதில் விரிசல்களில் பெரணிச் செடிகள். இன்னும் பழையதில் மரம். எரிமலை சுற்றுப்புறத்தை அழிக்கிறதா, வளப்படுத்துகிறதா என்று புத்தகத்தில் இரண்டு பட்டியல் கொடுத்திருப்பார்கள். இந்தச் சாலையில் அந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சேன் ஃபிலிப் பக்கம் பழைய குழம்பின்மேல் வளர்ந்த காட்டு நிழலில்தான் வனிலாக் கொடி படர்கிறது.

என்னோடு படித்த மல்பார் பெண் ஒருத்தியின் வீடு சேன்த் ரோஸ் பக்கம். முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர்களை இங்கே மல்பார் என்பார்கள். குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்கத் தீவின் மொழியான கிரியோல். அவளுடைய பாட்டி 1977 ஏப்ரலை நினைவில் வைத்திருக்கிறார். அந்த முறை வெடிப்பு லாடத்துக்கு வெளியே திறந்துகொண்டு, குழம்பு பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள் வந்தது. வீடுகள் போயின. தேவாலயத்தின் வாசலில் வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. ஊரைக் காலி செய்ததால் உயிர்கள் தப்பின. அதற்குப் பிறகுதான் 1979-இல் பூர்க் மூராவில் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று நில அதிர்வுமானிகளும் ஜி.பி.எஸ். கருவிகளும் சாய்வுமானிகளும் மலை அங்குலம் அங்குலமாக உப்புவதைக்கூடக் கண்டுபிடித்துவிடுகின்றன. எரிமலை பக்கத்து ஊர்களை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டால், இந்தக் கண்காணிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடும் விடையின் பகுதிதான்.

2007-ஐயும் விடக் கூடாது. ஏப்ரல் 2-ஆம் தேதி துரேம்ப்ளேவுக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் பிளவு திறந்தது. குழம்பு கடலோரச் சாலையை மூடிக் கடலுக்குள் புதிய நிலத்தைச் சேர்த்தது. உள்ளிருந்த குழம்பு கீழ் வழியாக வடிந்ததில் மேலே இருந்த தொலோமியூ வாயின் தரை தாங்கமுடியாமல் 300 மீட்டருக்கு மேல் இடிந்து இறங்கியது. கடலில் ஆழத்தில் வாழும் மீன்கள் செத்து மிதந்தன. மேலும் ஊசிபோன்ற கண்ணாடி நூல்கள் காற்றில் வந்து விழுந்தன. இவற்றுக்குப் "பெலேயின் முடி" என்று பெயர், ஹவாய்த் தீவினரின் எரிமலைத் தெய்வமான பெலேயின் பெயரால். கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவின் எரிமலையான மோந்தான்ய் பெலேயோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே "பெலே" என்றால் மொட்டை என்று பொருள்.

சரி, மொட்டை மலைக்கு வருவோம். என் கேள்விக்கு மறுபாதி விடை அங்கேதான் இருக்கிறது. 1902 மே 8 அன்று அந்த மலை சேன் பியேர் நகரத்தைச் சில நிமிடங்களில் எரித்தது. ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். அங்கே குழம்பு ஓடிவந்து கொல்லவில்லை. சுடுவாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சரிவில் பாய்ந்து வந்து கொன்றது. இரண்டும் எரிமலைதான். அப்படியானால் ஒன்று ஏன் வழிகிறது, மற்றொன்று ஏன் வெடிக்கிறது?

இந்த இடத்தில் எல்லோரும் "சிலிக்கா அதிகம், அதனால் பாகுத்தன்மை அதிகம், அதனால் வெடிப்பு" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாகுத்தன்மை என்ற சொல்லுக்குள்ளேயே பாகு இருக்கிறது என்று ஒரு தீபாவளி நேரத்தில் பாட்டி அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சியதை நினைத்தபோதுதான் உறைத்தது. பாட்டி கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். இளம்பாகில் குமிழி சட்டென்று மேலே வந்து உடைந்துவிடும். பதம் ஏறிய பாகில் குமிழி பெரிதாக உப்பி, நின்று, பட்டென்று தெறிக்கும். கையில் பட்டால் அவ்வளவுதான். வெடிக்க வைப்பது குமிழிதான், பாகு அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

எரிமலையிலும் வெடிப்பது வாயு. ஆழத்தில் அழுத்தத்தின் கீழ் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு எல்லாம் குழம்புக்குள் கரைந்து கிடக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியாகப் பிரியும். ஃபூர்னேசின் குழம்பு பசால்ட், அதில் சிலிக்கா ஏறக்குறைய பாதிதான், சூடு 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல். குமிழிகள் சுலபமாகத் தப்பிவிடுகின்றன, குழம்பு ஊற்றாக எழும்பி ஆறாக ஓடுகிறது. பெலே மாதிரி மலைகளில் சிலிக்கா அதிகம், சூடு குறைவு, அமிழும் தட்டு கொடுத்த தண்ணீரும் நிறைய. வாயு மாட்டிக்கொள்கிறது. ஃபூர்னேசும் எப்போதும் சாதுவில்லை, 1860-இல் அதுவும் வெடித்துச் சாம்பல் பொழிந்திருக்கிறது. இதையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

தேர்வு நாளில் அவர்கள் இந்தக் கேள்வியைத்தான் எடுத்தார்கள். தயாரிப்பு நேரத்தில் நான் வாக்கியம் எதுவும் எழுதவில்லை. ஒரு அம்புக்குறித் தொடரும், ஐந்து எண்களும், லாட வடிவில் ஒரு படமும் மட்டும். பேச்சில் பாட்டியின் பாகையும் சொன்னேன்.

முடிந்ததும் வேதியியல் ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "உங்கள் பாகு கொதிக்கக் கொதிக்கக் கெட்டியாகிறது. அப்படியானால் பாறைக்குழம்பும் சூடு ஏற ஏறக் கெட்டியாகுமா?" நான் எதிர்பார்க்காத கேள்வி. சில நொடிகள் பேசாமல் இருந்தேன். அப்படி யோசிப்பதில் தவறே இல்லை, அவர்கள் காத்திருப்பார்கள். பிறகு சொன்னேன்: ஆகாது, சூடு ஏறினால் குழம்பு இளகும். பாகுகூடச் சூட்டால் கெட்டியாகவில்லை, தண்ணீர் ஆவியாகிப் போவதால் கெட்டியாகிறது. பாறைக்குழம்பிலும் கரைந்திருக்கும் தண்ணீர் அதை இளக்கி வைத்திருக்கிறது. அது குமிழியாகப் பிரிந்ததும் மிச்சமிருப்பது இறுகுகிறது, மீதி வாயுவுக்கு வழி அடைபடுகிறது. அவர் தலையாட்டினார். உதாரணம் ஒன்றைக் கொண்டுபோனால் அது எங்கே பொருந்தாது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இரண்டாவது கேள்வி உலக அளவில் என்ன பாதிப்பு என்பது. 1991-இல் பிலிப்பைன்சில் வெடித்த பினாத்துபோ எரிமலையைச் சொன்னேன்: அடுக்குமண்டலம்வரை போன சல்ஃபர் டை ஆக்சைடு உலகத்தை ஏறக்குறைய அரை டிகிரி குளிர வைத்தது.

கடைசியாக இன்னொரு ஆசிரியை, இந்த வெப்பப்புள்ளி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா இதன் மேலாகக் கடந்தபோது தக்காணத்தில் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது, தட்டு வடக்கே நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீசியஸ் என்று தடம் விட்டு இங்கே வந்து நிற்கிறது என்றேன். அந்தத் தக்காணப் பாறையை மேலிருந்து கீழே குடைந்துதான் எல்லோராவில் ஒரு முழுக் கோயிலைச் செதுக்கியிருக்கிறார்கள், இந்தத் தீவின் கருங்கல்லும் அதுவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்றும் சொன்னேன்.

நேரம் முடிந்துவிட்டது. நான் எழுந்தபோது அந்த ஆசிரியை எல்லோராவை எப்படி எழுதுவது என்று கேட்டு, எழுத்து எழுத்தாகத் தன் தாளில் குறித்துக்கொண்டார்.