ஒரே வயது ஐசோலேட்டர்கள்: ஒன்று பிழைத்தது, ஒன்று போனது

குளச்சல் பக்கம், அலைச்சத்தம் கேட்கும் தொலைவில் இருந்த 33,000 வோல்ட்டை 11,000 ஆகக் குறைக்கும் ஒரு 33/11 கேவி துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி பார்த்தேன். அங்கே 33 கேவி பக்கத்தில் ஒரே வகை, ஒரே வயது ஐசோலேட்டர்கள் இரண்டு; கைப்பிடியை இழுத்து மின்பாதையைத் திறக்கவும் மூடவும் உதவும் கருவிகள் அவை.

முதலாவதில் சூடு. மதியம் வெப்பக் கேமராவில் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மின்னோட்டம் இரு மடங்கானால் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கு. அதனால் ஊரெல்லாம் விளக்கெரியும் இரவு ஏழரைக்கு மறுபடி பார்த்தோம். மூன்று பேஸ்களில் (மின்பாதைகளில்) ஒன்றான ஆர் பேஸ் 96 டிகிரி. மற்ற இரண்டும் 40 சுமார்.

எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி) வாங்கி, இருபுறமும் மின்சாரம் இல்லையென்று சோதித்து, மின்பாதையைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிவிட்டுத் தொடுமுனைகளின் (கான்டாக்ட்) மின்தடையை அளந்தோம். மற்ற பேஸ்களில் 70 மைக்ரோ ஓம் அளவு. ஆர் பேஸில் 410. பிரித்தால் வெள்ளிப் பூச்சே இல்லை, செம்பு பல்லிளித்தது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ‘துடைத்து கிரீஸ் பூசப்பட்டது’ என்று பதிவேட்டில் இருந்தது. துடைத்தது துணியால் அல்ல, உப்புத்தாளால். உப்புக்காற்று மிச்சம் வைத்ததை உப்புத்தாள் தின்றுவிட்டது! சூட்டில் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஸ்டோரில் கடைசியாகக் கிடந்த ஒரு செட் கான்டாக்ட்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றினோம், 78க்கு வந்தது. தாங்கிநிற்கும் பீங்கான் தூண்களும் பேரிங்கும் நன்றாக இருந்ததால் அதோடு விட்டோம்.

இரண்டாவதில் சூடே இல்லை. ஆனால் ஓய்வுக்கு அருகில் இருந்த ஃபோர்மேன் அண்ணாச்சி விடவில்லை. “மக்களே, முன்பு இந்தக் கைப்பிடியை நான் ஒருவனே இழுப்பேன். இப்போது இரண்டு பேர் தொங்குகிறோம்” என்றார். மாசி மாத விடியலில் அதிலிருந்து சடசடவென்று சத்தம் வருவதையும் அவர்தான் சொன்னார். ஆனி, ஆடி மழை பீங்கானைக் கழுவிவிடும்; மழையற்ற மாதங்களில் படியும் உப்பு பனியில் நனைந்தால்தான் மின்கசிவும் அந்தச் சத்தமும்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பேரிங் துருவேறி இறுகியிருந்தது. ஒரு பீங்கான் தூணின் அடியில், சிமென்ட்டும் இரும்பும் சேரும் இடத்தில், மயிரிழை விரிசல். இறுகிய கைப்பிடியை முறுக்கும்போது அந்தத் தூணும் உலுக்கப்படும். உடைந்தால் விழுவது இயக்குபவர் தலைமேல். தூணை மட்டும் மாற்றலாம் என்றது அலுவலகம். ஆனால் கிடைத்த தூண்களின் போல்ட் துளைகள் பழையதோடு பொருந்தவில்லை. முழுதாகவே மாற்றினோம்.

புதியதும் எளிதில் உட்காரவில்லை. பழைய சட்டத்தில் துளை இடைவெளி வேறு. இடையில் ஒரு சேனல் வைக்க வேண்டியதாயிற்று. மூன்று பேஸும் ஒன்றாக மூடும்படி, கைப்பிடியோடு இணைக்கும் குழாயைச் சரிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மின்தடை அறிவிப்பில் சொன்ன நேரம் கடந்து, வசவும் வாங்கினோம்.

கழற்றியதில் கான்டாக்ட்டுகள் மட்டும் வெள்ளி மின்ன அப்படியே இருந்தன. முதலாவதற்கு உதவும் என்று தாளில் சுற்றி ஸ்டோரில் வைத்தேன். மேலே பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘உப்புத்தாள் படக்கூடாது.’