மெத்தையோரக் குறிப்புகள்: டோக்கியோவில் ஜூடோ

2025 ஜனவரி 18, சனி

எங்கள் வார்டு விளையாட்டு மையத்தில் சனிக்கிழமை மாலை முதல் வகுப்பு சிறுவர்களுக்கு, அடுத்தது பெரியவர்களுக்கு. மகள் முன்னதில், நான் பின்னதில். இன்று இரண்டிலும் உகெமிதான், அதாவது விழப் பழகுவது. மோவாயை நெஞ்சோடு ஒட்டு, பெல்ட் முடிச்சைப் பார், கையால் மெத்தையை ஓங்கி அறை. முப்பது பேர் ஒரே நேரத்தில் அறைந்தால் கூரை அதிர்கிறது.

எங்கள் சென்செய், அதாவது ஆசிரியர், அதிகம் பேசுவதில்லை. ஹஜிமே என்றால் ஆரம்பி, மத்தே என்றால் நிறுத்து, சோரெமதே என்றால் முடிந்தது, ரெய் என்றால் வணங்கு. ஒரு வகுப்பை நடத்த இவ்வளவே போதும். இதெல்லாம் இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கும் சொற்கள். காலையில் பூங்காவில் ஒரு பாட்டி தன் நாயின் முன் பிஸ்கட்டை வைத்து, "மத்தே... மத்தே..." என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். "யோஷி!" என்றதும் நாய் பாய்ந்தது. ஜூடோ விதியிலும் யோஷி உண்டு. நடுவர் 'சோனோமாமா' என்றால் இருவரும் அப்படியே உறைய வேண்டும், 'யோஷி' என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்போதெல்லாம் போட்டிகளில் இதைக் கேட்பது அபூர்வம்.

"அப்பா, அந்த நாயும் ஜூடோ கிளாஸ் போகுதா?" என்று கேட்டாள் மகள்.

2025 ஜனவரி 25, சனி

இன்று ஓ-சோதோ-காரி என்ற வீச்சு, அதாவது எதிராளியை வீழ்த்தும் உத்தி. எதிராளியின் வலது காலுக்கு வெளிப்பக்கம் நம் வலது காலைக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து வாரிவிடுவது. ஓ என்றால் பெரிய, சோதோ என்றால் வெளியே, காரி என்றால் அறுப்பு. நெல் அறுப்பதற்கும் இங்கே இதே சொல்தான். பெயர்கள் ரயில் பெட்டிகள் மாதிரி கழற்றி மாட்டக்கூடியவை. 'சோதோ'வை எடுத்துவிட்டு 'உச்சி'யை மாட்டினால் உள்பக்க அறுப்பு. 'ஓ'வுக்குப் பதில் 'கோ' போட்டால் சிறியது. நாலு பெட்டியை மாற்றி மாற்றிக் கோத்தால் நாலு வீச்சு, நாலுக்கும் தனித்தனிக் கால்வேலை.

சேரும்போது ஒலியும் இளகும். இடுப்புக்குத் தனியாக 'கோஷி', வீச்சின் பெயரில் வந்தால் க மெலிந்துவிடும். ஜப்பானியர்கள் இதற்கு எழுத்தின் மேல் இரண்டு சின்னக் கோடு போடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, இரண்டுக்கும் ஒரே க.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் பள்ளியான கோடோகான் 1895இல் வீச்சுகளை ஐந்து தொகுப்பாக வரிசைப்படுத்தி, 1920இல் திருத்தி 40 ஆக்கியது. இன்றைய பட்டியலில் வீச்சுகள் மட்டும் 68. பெரும்பாலானவற்றில் உடம்பின் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று பெயரே சொல்லிவிடும். சிலதுதான் முரண்டு பிடிக்கும். 'யாமா-அராஷி' என்றால் மலைப்புயல், அதை வைத்துக் காலை எங்கே வைப்பது? 'கனி-பஸாமி' என்றால் நண்டுக் கத்தரி, இரண்டு காலாலும் எதிராளியின் கால்களைக் கவ்வுவது. 1980இல் ஜப்பானிய வீரர் யாசுஹிரோ யமாஷிதாவின் கால் எலும்பு இதில்தான் முறிந்தது. பெயர் பட்டியலில் இருக்கிறது, போட்டியில் தடை.

2025 பிப்ரவரி 5, புதன்

யூக்கோ என்ற சின்ன மதிப்பெண் திரும்பிவிட்டது. போன வாரக் கடைசியில் நடந்த பாரிஸ் கிராண்ட் ஸ்லாம் ஜூடோ போட்டியின் காணொளிகளைச் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன். மதிப்பெண் பலகையில் அதற்கு மறுபடி ஒரு கட்டம்.

ஒரு காலத்தில் மதிப்பெண் இப்போன், வஸா-அரி, யூக்கோ, கோக்கா என்று மேலிருந்து கீழாக நாலு படி. இப்போன் என்றால் முழு வெற்றி. பிட்டத்தில் விழவைத்தால்கூடக் கோக்கா கிடைத்தது. 2008ஆம் ஆண்டோடு அது போனது. 2017இல் யூக்கோவும் போனது. இப்போது எட்டு வருடம் கழித்து யூக்கோ மட்டும் வீடு திரும்பியிருக்கிறது. தரையில் அமுக்கிப் பிடிப்பதற்கும் இதை ஒட்டியே கணக்கு. நடுவர் குனிந்து கையை நீட்டி 'ஒசாயெகோமி' என்றதும் கடிகாரம் ஓடும். ஐந்து விநாடிக்கு யூக்கோ, பத்துக்கு வஸா-அரி, இருபதுக்கு இப்போன். கீழே இருப்பவர் நழுவிவிட்டால் 'தொகெத்தா', அதாவது அவிழ்ந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் எழுபதைத் தாண்டிய கறுப்பு பெல்ட்காரர் ஒருவருக்கு இந்த வரவு பிடிக்கவில்லை. "இப்போனுக்குத்தான் ஜூடோ. சில்லறை பொறுக்குவதற்கு இல்லை." எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதி வேலைக்குப் பாதிக்கூலி கொடுப்பதில் என்ன தப்பு? பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று எதிராளிக்கு ஷிதோ, அதாவது தண்டனை, வாங்கிவைப்பதிலேயே குறியாக இருக்கும் ஆட்டங்களைவிட இது மேல். மூன்று ஷிதோ சேர்ந்தால் ஹன்சொகு-மகே, ஆள் வெளியே. அப்படி முடியும் ஆட்டத்தைப் பார்ப்பதற்குப் பேசாமல் தூங்கலாம்.

2025 பிப்ரவரி 15, சனி

வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்கும்போது பாரிஸ் ஒலிம்பிக் பேச்சு வந்தது. இங்கே ஜூடோக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

2024 ஜூலை 27, ஆண்கள் 60 கிலோ காலிறுதி. ஜப்பானின் ரியூஜு நாகாயாமாவின் கழுத்தை ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ கர்ரிகோஸ் நெரித்துக்கொண்டிருந்தார். நடுவர் மத்தே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாகாயாமா எதிர்ப்பதை விட்டார். கர்ரிகோஸ் பிடியை விடவில்லை, இன்னும் சில விநாடி இறுக்கினார். கை விலகியபோது நாகாயாமாவுக்கு நினைவில்லை. நினைவு போனதால் இப்போன் கர்ரிகோஸுக்கு. எழுந்தவர் கைகொடுக்க மறுத்து மெத்தையிலேயே நின்றார். கூட்டத்தின் இரைச்சலில் மத்தே காதில் விழவில்லை என்று கர்ரிகோஸ் பிறகு சொன்னார். கடைசியில் இருவருக்கும் வெண்கலம். இருவரும் சமாதானமும் ஆனார்கள்.

என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பு நிற்கவே கூடாது. மத்தே சொன்ன பிறகு நடந்த எதுவும் ஆட்டத்தில் சேராது. சேருமென்றால் அந்தச் சொல் எதற்கு?

சென்செய் அதற்குள் போகவில்லை. எங்களை மறுபடி மெத்தைக்கு அழைத்து இரண்டு காரியம் செய்யவைத்தார். மேலே இருப்பவர் மத்தே கேட்ட அதே நொடியில் விரல்களை அகல விரித்துக் காட்ட வேண்டும். கீழே இருப்பவர், நடுவர் வந்து தோளைத் தொடும்வரை மோவாயைத் தூக்கக் கூடாது. தாங்க முடியாவிட்டால் 'மைத்தா', அதாவது தோற்றேன், என்று சொல்லலாம், இல்லாவிட்டால் இரண்டு தடவை தட்டலாம். கழுத்து மாட்டியிருக்கும்போது வாயிலிருந்து சத்தம் வராது, ஆகவே எல்லோரும் தட்டத்தான் செய்கிறார்கள்.

2025 மார்ச் 7, வெள்ளி

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு கசுகாவில் கோடோகானுக்குப் போனேன். வாசலில் கானோ சிலை. 1882இல் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்துத் தொடங்கியது. இன்றைய ஏழாம் மாடிப் பெரிய கூடத்தில் 420 பாய். எட்டாம் மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். கீழே ரந்தோரி, அதாவது பயிற்சிச் சண்டை, நடந்துகொண்டிருந்தது. ஜோடி ஜோடியாகப் பிடித்து இழுத்துப் புரள்கிறார்கள், ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாதது எப்படியென்றே தெரியவில்லை.

பக்கத்தில் வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவர். அவர் சின்ன வயதில் கற்ற ஜூடோவில் ஜப்பானியப் பெயர்களே குறைவாம். 1935இல் பாரிஸ் வந்த மிகினோசுகே கவாய்ஷி, பிரெஞ்சு மாணவர்களின் நாக்கு புரளாது என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிட்டார். கால் வீச்சு ஒன்று, கால் வீச்சு இரண்டு என்று போகும். ஓ-சோதோ-காரிதான் கால் ஒன்று. பல நிற பெல்ட்டுகளை ஐரோப்பாவில் பரப்பியதும் அவர்தான். பிறகு கோடோகான் முறை வந்து எண்களை ஓரங்கட்டியது. "கால் ஒன்று என்றால் இன்றைக்கும் என் கால் தானாகத் தூக்கும்" என்றார் அவர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த எண் பிரான்ஸ் எல்லையோடு நின்றுவிடும். எந்த நாட்டு வீரரும் எந்த நாட்டு நடுவர் முன்னாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆடுகிறார் என்றால், பழைய பெயர்களை எல்லோரும் அப்படியே வைத்துக்கொண்டதால்தான்.

2025 மார்ச் 15, சனி

கண்ணை மூடிக்கொண்டு நெவஸா, தரைச்சண்டை. எதிராளியின் இடது கைப்பிடியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும்தான் வேலை செய்கின்றன, ஆள்காட்டி விரல் சும்மா இருக்கிறது என்பது இன்றுதான் கழுத்துப்பட்டை வழியாகத் தெரிந்தது. கண் திறந்திருந்தபோது கவனித்ததே இல்லை.

பார்வையற்றோர் ஜூடோவில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்த நிலையில்தான் ஆட்டம் தொடங்கும். ஒவ்வொரு மத்தேக்குப் பிறகும் அப்படியே. நடுவர் கையால் காட்டுவது தெரியாது என்பதால் புள்ளி யாருக்கு என்பதையும் வாயால் சொல்ல வேண்டும்: 'ஆவோ' என்றால் நீலம், 'ஷிரோ' என்றால் வெள்ளை. 1988 சோல் பாராலிம்பிக்கிலிருந்து இருக்கிறது. 2024 பாரிஸில் ஏறத்தாழப் பார்வையே இல்லாதவர்களுக்கான 60 கிலோ ஜே1 பிரிவில் கபில் பர்மார் பிரேசில்காரரை வீழ்த்தி வெண்கலம் வாங்கினார், பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம். இங்கே வகுப்பில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று தெரிந்துகொண்டார்கள், நான் விடுவேனா?

2025 ஏப்ரல் 29, செவ்வாய்

விடுமுறை. புடோகான் அரங்கில் அகில ஜப்பான் ஜூடோ போட்டி, தொலைக்காட்சியில் பார்த்தோம். எடைப்பிரிவு கிடையாது. நீல உடையும் கிடையாது, இருவருக்கும் வெள்ளைதான், இடுப்பில் சிவப்போ வெள்ளையோ ஒரு பட்டை. இந்த ஆண்டு ஹாந்தேய், கொடித் தீர்ப்பு, மறுபடி வந்திருக்கிறது. சமனில் முடிந்தால் மூன்று பேர் கொடி தூக்குவார்கள்.

சர்வதேசப் போட்டிகளில் இது வழக்கொழிந்துவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மசாஷி எபினுமாவும் கொரியாவின் சோ ஜுன்-ஹோவும் மோதிய 66 கிலோ காலிறுதியைப் பார்த்தவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. மூன்று நீலக் கொடி எழுந்தது, சோ ஜெயித்தார். அரங்கில் கூச்சல். மேலே உட்கார்ந்திருந்த குழு கூப்பிட்டுப் பேசியது. அதே மூன்று பேர் மறுபடி நின்று மூன்று வெள்ளைக் கொடியைத் தூக்கினார்கள். வெற்றி எபினுமாவுக்கு மாறியது. கடைசியில் எபினுமா, சோ இருவருக்குமே வெண்கலம்தான் கிடைத்தது.

2025 மே 18, ஞாயிறு

வார்டு சிறுவர் போட்டி. மகளுக்குச் சிவப்புப் பட்டை. முதல் ஆட்டம் சமன். "ஹாந்தேய்!" என்றதும் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. இரண்டாவதில் தன்னைவிடத் தலை உயரமான பெண்ணிடம் கெசா-கதாமே என்ற தரைப்பிடியில் மாட்டினாள். தொகெத்தா வரவே இல்லை, முழு நேரமும் கீழேயே கிடந்தாள்.

ரயிலில் அழவில்லை. "அப்பா, நான் காலைப் பின்னினா தொகெத்தா சொல்லுவாங்கதானே?" என்றாள். சொல்வார்கள் என்றேன். அடுத்த சனி முதல் நெவஸா கூடுதலாக வேண்டும் என்று கிளம்பும் முன்பே சென்செயிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாளாம். சிறுவர் வகுப்பு கால் மணி நேரம் நீளுகிறது, அந்த அளவுக்கு எங்கள் வகுப்பு தாமதமாகத் தொடங்கும்.