புது உபுண்டுல பழைய பைத்தான் புராஜெக்ட்டை ஓட வெச்ச கதை

உபுண்டு (லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) 20.04ல ஜம்முன்னு ஓடிட்டு இருந்த சின்ன பைத்தான் புராஜெக்ட் ஒண்ணு, மழை அளவு டேட்டாவை எடுத்து கிராஃப் போடும், அவ்ளோதான். அதை புது லேப்டாப்ல 24.04 போட்டு ஓட்டலாம்னு உக்காந்தேன். மொதல்ல பைத்தான் லைப்ரரிகளை எறக்கித் தர்ற பிப்பே (pip) இல்ல, உபுண்டுவோட சொந்த இன்ஸ்டாலர் ஆப்ட்ல (apt) போட்டேன், அப்புறம் பிப் இன்ஸ்டால்னு அடிச்சா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்"னு எர்ரர், அதாவது இந்த பைத்தானை சிஸ்டமே பாத்துக்குது, நீ தொடாதேங்குது.

தேடிப் பாத்தா பாதிப்பேரு "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்"ங்கிற ஆப்ஷனை சேத்து ஓட்டுங்க, சரியாயிடும்ங்கறாங்க. சிஸ்டத்தை உடைன்னு பேருலயே எழுதி வெச்சிருக்கான், அதைப் போய் எப்படித்தான் தைரியமா சொல்றாங்களோ. உபுண்டுல வர்ற பைத்தான் நமக்காக வெச்சது இல்லங்க, சிஸ்டம் தன் வேலைக்கு வெச்சிருக்கறது. சாஃப்ட்வேர் எறக்கற இடங்களை சேக்கற ஆட் ஆப்ட் ரெப்போசிட்டரி கமாண்டும் பைத்தான்தான், க்னோம் டெர்மினலைத் தொறக்கற ஸ்கிரிப்ட்டும் பைத்தான்தான். ஃப்ரெண்டு ஒருத்தன் பைத்தான்3 லிங்க்கை வேற வெர்ஷனுக்கு மாத்தி வெச்சுட்டு, டெர்மினலே தொறக்கலடான்னு பொலம்புனான். அதனால 23.04ல இருந்து இந்தப் பூட்டைப் போட்டது நியாயம்தான்னு தோணுது.

சரி, புராஜெக்ட்டுக்குன்னு தனியா பைத்தான் இடம் ஒதுக்கற வென்வ் (venv) போடலாம்னா, அதுக்குள்ள பிப்பைப் போட்டுக் குடுக்கற என்ஷ்யூர்பிப் இல்லன்னு நிக்குது. என்ன பேக்கேஜ் போடணும்னு அந்த எர்ரர்லயே இருக்கு, பைத்தான்3.12-வென்வ், போட்டா முடிஞ்சது.

நெஜமான தலைவலி இதுக்கப்புறம்தான். தேவையான லைப்ரரிகளை எழுதி வெச்ச ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல நம்பை (கணக்குப் போடற லைப்ரரி, NumPy) 1.21. பைத்தான் 3.12க்கு அதுல ரெடிமேட் வீல் (முன்னாடியே பில்டு பண்ணி வெச்ச பேக்கேஜ்) கிடையாது, அதனால பிப் சோர்ஸை எறக்கி பில்ட் பண்ணப் பாக்குது, அந்த பில்டுக்கு உதவற செட்டப்டூல்ஸோட பழைய வெர்ஷனை இழுத்துட்டு வருது, அது பைத்தானோட பிகேஜியூடில் (pkgutil) மாட்யூல்ல இம்ப்இம்போர்ட்டர்னு ஒண்ணைத் தேடுது, அதை 3.12ல தூக்கிட்டாங்க. ஸ்கிரீன் முழுக்க ட்ரேஸ்பேக் (எர்ரர் எங்க வந்துச்சுன்னு காட்டற வரிகள்), விஷயம் என்னவோ கடைசி வரில மட்டும்தான். பைத்தான் 3.12க்கு சப்போர்ட் நம்பை 1.26ல இருந்துதான், அதுக்கு மாறலாம்னா கோடுல அங்கங்க என்பி.ஃப்ளோட்னு இருக்கு, அது 1.24லயே போயிடுச்சு. மாத்தறது பெரிய விஷயமில்ல, ஆனா முன்னாடி வந்த அதே கிராஃப் வருதான்னு மொதல்ல பாக்கணும், அப்புறம்தான் கோடுல கை வைக்கணும்.

சரின்னு, வேற வேற பைத்தான் வெர்ஷனை போட்டுத் தர்ற பைஎன்வ் (pyenv) வெச்சு பைத்தான் 3.9 போட்டேன். அது சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணும், பில்டு முடிஞ்சுடுச்சு, ஆனா "எல்இசட்எம்ஏ (ஃபைலை சுருக்கற lzma) மாட்யூல் இல்ல"ன்னு நடுவுல ஒரு வார்னிங். இதை அப்படியே விட்டா டேபிள் டேட்டாவைக் கையாளற பாண்டாஸ் லைப்ரரியை இம்போர்ட் பண்றப்ப உங்க பைத்தான் முழுசா இல்லன்னு அது மொணமொணக்கும். லிப்எல்இசட்எம்ஏ-டெவ் போட்டு, 3.9ஐ அழிச்சுட்டு திரும்ப பில்டு பண்ணணும், லைப்ரரியை மட்டும் போட்டா தானா ஒட்டிக்காது. எஸ்எஸ்எல், எஃப்எஃப்ஐ, இசட்லிப் (zlib) லைப்ரரி இதுங்களோட டெவ் பேக்கேஜையும் மொதல்லயே போட்டுடுங்க. இவ்ளோ பொறுமை இல்லன்னா யூவி (uv)ன்னு ஒரு டூல் இருக்கு, ஏற்கனவே பில்டு பண்ணின பைத்தானையே எறக்கிக் குடுத்துடும், அடுத்த தடவை நான் அதுக்குத்தான் போவேன்.

அந்த 3.9ல புதுசா வென்வ் போட்டு இன்ஸ்டால் பண்ணினா எல்லாம் வீலா சரசரன்னு எறங்குச்சு, பழைய கிராஃப் அப்படியே வந்துச்சு. ஆனா நான் எழுதற விஎஸ் கோடு (VS Code) எடிட்டர்ல மட்டும் நம்பை கிடைக்கலன்னு சொல்ற மஞ்ச அடிக்கோடு போகவே இல்ல. அது இன்னும் சிஸ்டம் பைத்தானையே பாத்துட்டு இருந்துச்சு, கீழ வலது மூலைல வெர்ஷன் நம்பரை க்ளிக் பண்ணி வென்வ்ல இருக்கறதைக் காட்டினதும் போயிடுச்சு.